சீமைக் கருவேல் ஜெயித்துவிட்டதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தாவரச் சூழலியலாளர் ஜொனாதன் லெவினின் ஆய்வைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். போட்டி போடும் செடிகள் ஒன்றையொன்று ஒழித்துவிடாமல் ஒரே நிலத்தில் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்பதைப் பற்றியது அது. நான் உச்சிப்புளிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இதை எட்டாம் வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, "டீச்சர், நம்ம ஊர்ல சீமைக் கருவேல் மட்டும்தானே இருக்கு?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. பலமுள்ளது ஜெயிக்கும் என்பதைத்தானே தினமும் பார்க்கிறோம்? சேர்ந்து வாழ்வதெல்லாம் மழைக்காட்டுக்கு மட்டும்தானா? பிள்ளைகளுக்கு இதைக் கண்ணால் காட்ட முடியுமா?

– ஓர் ஆசிரியை, உச்சிப்புளி

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையனுக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லுங்கள். சூழலியலில் ரொம்ப நாளாக அறிஞர்களைத் தூங்கவிடாத கேள்வி அது. ரஷ்யாவில் காஸ் என்ற உயிரியலாளர் பரமேசியம் என்ற ஒற்றைச் செல் நீர்வாழ் உயிரியில் இரண்டு வகைகளை ஒரே குழாயில், ஒரே உணவைக் கொடுத்து வளர்த்தார். ஒன்று பெருகியது, மற்றது அழிந்தது. 1934ல் அவர் வெளியிட்ட முடிவு இது. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு நிலத்திலும் ஒரே ஒரு செடிதான் மிஞ்சியிருக்க வேண்டும். அப்படி இல்லையே, ஏன்?

இதைக் காட்ட மழைக்காட்டுக்குப் போக வேண்டாம். காற்று பலமாக அடித்து ஓய்ந்த மறுநாள் மண்டபத்தில் வடகடல் (பாக் விரிகுடா) பக்கமோ தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கமோ கரையோரம் நடந்தால் போதும். ஒதுங்கிக் கிடக்கும் கடற்புல்லை ஒரு பிடி அள்ளிப் பிரித்துப் பாருங்கள். இவை பாசி இல்லை. வேர், தண்டு, பூ எல்லாம் உள்ள செடிகள். ஒன்றின் இலை விரல் நகம் போல நீள்வட்டம். இன்னொன்று சேமியா மாதிரி உருண்டை. மூன்றாவது நாடா போலத் தட்டை, நுனியில் தடவினால் சின்னச் சின்னப் பல் தட்டுப்படும். ஒரு முழத்துக்கு மேல் நீண்டு தடித்திருந்தால் அது வேறு வகை. இந்தியாவில் பதிவான கடற்புல் வகைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கடலிலும் உண்டு. எல்லாவற்றுக்கும் வேண்டியது ஒரே வெளிச்சம், ஒரே சேற்று மணல். ஆனாலும் பல இடங்களில் ஒரே படுகையில் கலந்தே வளர்கின்றன.

கூர்ந்து பார்த்தால் பிழைப்பு வேறு வேறு. நீள்வட்ட இலை கொண்ட ஹாலோஃபிலா மேலாக வேர்விட்டு வேகமாகப் படரும், வெளிச்சம் குறைந்தாலும் தாங்கும். நீண்ட இலைக்காரர் தடித்த தண்டை மண்ணுக்குள் ஓட்டி, மெதுவாக வளர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்வார். ஆவுளியா என்னும் கடல்பசு மேயும்போது புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். அது போன தடம் மணலில் வெறும் கோடாகத் தெரியும். அந்தக் காலி இடத்துக்கு முதலில் வந்து சேர்வது ஹாலோஃபிலாதான். ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடாவில், ஆவுளியாக்கள் திரும்பத் திரும்ப மேய்ந்த படுகைகளில் இந்தச் சின்னப் புல்லே பெருகுவதைக் கண்டிருக்கிறார்கள். நம் கடலில் ஆவுளியா அருகிவிட்டது. அது போனால் ஒரு மிருகம் மட்டும் போவதில்லை. புல்வெளிக்குள் இடம் திறந்துவிடுகிற ஆளும் போய்விடுகிறது. எனக்கு இதில் பெரிய கவலை உண்டு.

சரி, லெவினுக்கு வருவோம். இந்தத் துறைக்குக் கணக்கு போட்டுக் கொடுத்தவர் பீட்டர் செஸ்ஸன். 2000ல் வந்த அவருடைய கட்டுரையின் சாரம் இதுதான்: ஒரு செடி மற்ற இனத்தை நெருக்குவதைவிடத் தன் இனத்தையே அதிகமாக நெருக்க வேண்டும். அப்போது பெருகியவன் தன் கூட்டத்தாலேயே தடைபடுவான், எண்ணிக்கையில் குறைந்தவனுக்கு மூச்சு கிடைக்கும். 2009ல் லெவினும் ஜானகே ஹில்லேரிஸ்லாம்பர்ஸும் கலிபோர்னியாவில், சத்துக் குறைந்த செர்பென்டைன் மண்ணில், ஓராண்டுச் செடிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். சில பாத்திகளை அவற்றின் போக்கில் விட்டார்கள். மற்ற பாத்திகளில், எண்ணிக்கையில் குறைவாக இருப்பதால் கிடைக்கும் அந்தச் சாதகம் வேலை செய்யாதபடி விதைகளை அளந்து போட்டார்கள். இந்த இரண்டாவது வகையில் பன்மை சீக்கிரமே சரிந்தது. செடிகளுக்கு இடையிலான வித்தியாசம்தான் கூட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று வயலிலேயே காட்டிய வேலை அது. அதனால்தான் எனக்கு அவர் மேல் அவ்வளவு மதிப்பு.

அதே கணக்கில் இன்னொரு பாதியும் இருக்கிறது. உங்கள் பையனுக்கான பதில் அங்கேதான். செடிகளின் பலத்தில் ஏற்றத்தாழ்வு மிக அதிகமானால், வித்தியாசங்கள் எவ்வளவு இருந்தாலும் காப்பாற்றாது. பலசாலி மற்றவற்றை விரட்டிவிடும். சீமைக் கருவேல் காட்டில் அவன் பார்ப்பது இதைத்தான்.

ஆனால் அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? மரத்துக்குள்ளிருந்து மட்டும் வரவில்லை. அமெரிக்கக் கண்டத்து வறண்ட நிலங்களைச் சேர்ந்த இந்த மரம் 1870களில் இந்தியாவுக்கு வந்தது. அதன் இலையை ஆடு அவ்வளவாகத் தொடாது, காயை விரும்பித் தின்னும். கடினமான விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து முளைக்கும். அதே ஆடு நம் மண்ணின் மரமான குடைவேலின் கன்றைக் கண்டால் விடாது. ஆக ஒரே வாய், ஒரு மரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய் நடுகிறது, இன்னொன்றை முளையிலேயே மேய்ந்துவிடுகிறது. வெட்டிக் கரிமூட்டம் போட்டாலும் சீமைக் கருவேல் அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். தென்னாப்பிரிக்காவில் 1980களில் இதன் இனத்து மரங்களுக்கு எதிராக விதை தின்னும் வண்டுகளை விட்டுப் பார்த்தார்கள். கால்நடை முந்திக்கொண்டு காயைத் தின்றுவிடும் இடங்களில் வண்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆடும் கரியும்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பெரிக்கின்றன. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பொக்லைன் வைத்துத் தோண்டிவிட்டு நிலத்தை அப்படியே விட்டுப் போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மண்ணுக்குள் விதை காத்திருக்கிறது. தோண்டிய இடத்தில் குடைவேலையும் பனையையும் வைத்து, கன்று ஆட்டுக்கு எட்டாத உயரம் வளரும்வரை வேலி போட வேண்டும். ஏற்றத்தாழ்வு குறைய வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கடலுக்குள்ளும் இதே கதை ஒன்று நடக்கிறது. வளர்ப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்தது.

இனி, பிள்ளைகளுக்கு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிற்றுச் சதுரங்கள் செய்துகொள்ளுங்கள். சீமைக் கருவேல் அடியில் ஒன்று, குடைவேல் அடியில் ஒன்று, வெட்டவெளியில் ஒன்று, கண்மாய்க் கரையில் ஒன்று. புரட்டாசியில் ஒருமுறை, ஐப்பசி மழை பெய்து நிலம் பச்சை கட்டிய பிறகு ஒருமுறை, தை மாதத்தில் ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள். நெருஞ்சி, தும்பை, குப்பைமேனி என்று தெரிந்ததை எழுதட்டும். தெரியாததற்கு ஒரு அடையாளப் பெயர் வைத்து, ஒரு கிளையை நோட்டில் ஒட்டி வைக்கட்டும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் திரும்ப எண்ணுங்கள். அப்புறம் அடுத்த ஆண்டும். நம் மாவட்டத்தில் மழை ஒரு வருடம் போல மறு வருடம் இருக்காது, ஒவ்வொரு செடிக்கும் நல்ல வருடம் வேறு. மற்ற வருடங்களில் விதையாக மண்ணுக்குள் கிடக்கும். அரிசோனா பாலைவனத்துச் செடிகளில் இதையே பல ஆண்டுகளாக எண்ணிவருகிறார்கள். சதுரம் வைத்த இடத்தில் நான்கு மூலைக்கும் கல் நட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மறு வருடம் அதே இடம் கிடைக்காது. முதல் மழைக் கணக்கு முடிந்ததும் அந்தப் பையன் கையாலேயே எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.