பிணைக் கையெழுத்து போட்டுவிட்டேன், கிரிப்பைச் சுத்தம் பண்ண ஆளுக்குக் காசு கொடுக்கலாமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். பக்கத்து லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டுப்) பெண் குழுக்கடன் எடுத்தபோது, குழுவில் இருந்த ஐந்து பேரில் ஒருவராக இவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கடன் எடுத்தவர் வெளிநாடு போனதும் தவணை நின்றுவிட்டது. இப்போது கலெக்சன்காரர் பொழுதுபட்ட பிறகு லயத்துக்கு வந்து, "கிரிப்பில் பேரைப் போட்டாச்சு, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசைப் பிடிப்போம், பொலிசில் கொடுப்போம்" என்று அக்கம்பக்கம் கேட்கச் சத்தம் போடுகிறாராம். மகனோ லீசிங்கில் ஆட்டோ எடுக்கக் காத்திருக்கிறார். ஹட்டன் டவுனில் ஒருவர் 25,000 ரூபாய் கொடுத்தால் கிரிப்பை, அதாவது கடன் பதிவை, சுத்தம் பண்ணித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம். ஒரு சதமும் வேண்டாம். அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பி வாங்குங்கள்.

கிரிப் என்று எல்லாரும் சொல்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. நம் தோட்டத்துச் செக்ரோல் (வேலைக்கு வந்தவர் பேர் பதியும் ஏடு) மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கப்பிள்ளை எழுதியதுதான் அதில் இருக்கும். ஒரு நாள் பேர் விடுபட்டால் அவரிடம் போய்த்தான் திருத்த வேண்டும். அதேபோல வங்கியும் பினான்ஸ் கம்பனியும் அனுப்பும் விபரம்தான் கிரிப்பில் ஏறுகிறது. ஒழுங்காகக் கட்டியதும் ஏறும், கட்டாமல் விட்டதும் ஏறும். "கறுப்புப் பட்டியல்" என்று தனியாக ஒன்று அங்கே கிடையாது. உண்மையான பதிவை எந்தத் தரகராலும் அழிக்க முடியாது. பிழையான பதிவு என்றால் அனுப்பிய கம்பனிதான் திருத்தி அனுப்ப வேண்டும். அதைக் கேட்டு நீங்களே எழுதிக் கொடுக்கலாம்.

அப்படியானால் இந்த ஆட்கள் 25,000 ரூபாயை வாங்கி என்னதான் செய்கிறார்கள்? உங்கள் அடையாள அட்டையைக் காட்டி, நீங்களே எடுக்கக்கூடிய அறிக்கையை எடுத்துக் கையில் தருவார்கள். நீங்கள் ஏற்கனவே கட்டி முடித்த கடன் ஒன்று "தீர்க்கப்பட்டது" என்று தானாக மாறியதைக் காட்டி, தாங்கள் செய்த வேலை என்பார்கள். இதோடு நின்றால் காசு மட்டும்தான் போகும். சிலர் வெறும் தாளிலும் புரோநோட்டிலும் கையெழுத்து வாங்குவார்கள். அதை வைத்து உங்கள் பேரில் இன்னொரு கடன் முளைத்தால், முதல் கடனைவிட அது பெரிய தலைவலி. நிரப்பாத தாளில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். சொந்தக்காரர், தலைவர், மாஸ்டர் யார் கூட்டிக்கொண்டு வந்த ஆளாக இருந்தாலும் சரி.

உங்களுக்குக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையில் அடையாள அட்டையோடு போய் என் கிரிப் அறிக்கை வேண்டும் என்று கேளுங்கள். சிறிய கட்டணம்தான். வந்ததும் அடையாள அட்டை இலக்கத்தை முதலில் பாருங்கள். எழுத்தில் முடியும் பழைய ஒன்பது இலக்க எண்ணும் புதிய பன்னிரண்டு இலக்க எண்ணும் கலந்து கிடக்கிற காலம் இது. நம் பெயர்களை ஒவ்வொரு ஆபீசிலும் ஒவ்வொரு விதமாக எழுதி வைத்திருப்பார்கள். வேறொருவர் கடன் உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, அந்தக் கடனில் நீங்கள் கடனாளியாக இருக்கிறீர்களா, பிணையாளராக இருக்கிறீர்களா, இல்லை பேரே வரவில்லையா என்று பாருங்கள். மிரட்ட வந்தவர் சொன்னதெல்லாம் அங்கே இருக்காது. பதிவில்லாத வட்டிக்காரர்கள் கிரிப்பில் உறுப்பினரே கிடையாது. அவர்கள் "கிரிப்பில் போடுவேன்" என்பது வெறும் வாய்ச்சவடால்.

இனி நீங்கள் போட்ட கையெழுத்து. கம்பனியிடம் ஒப்பந்தத்தின் பிரதியைத் தமிழில் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். சாட்சியாக மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால் கடனுக்கு நீங்கள் பொறுப்பில்லை. பிணையாளர் என்றால் பொறுப்பு உண்டு, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. நம் நாட்டுச் சட்டப்படி, முதலில் கடன் எடுத்தவரிடம் அறவிட்டுப் பார், அப்புறம் என்னிடம் வா என்று சொல்லும் உரிமை பிணையாளருக்கு இருக்கிறது. ஆனால் பாரங்களில் அந்த உரிமையைக் கைவிடுகிறேன் என்று சிறு எழுத்தில் ஒரு வரியைச் சேர்த்தே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்த பெண்ணிடம் ஆங்கிலப் பாரத்தை நீட்டி விரலால் இடத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதை இத்தனை வருடமாக யாரும் தடுத்து நிறுத்தவில்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. நீங்கள் கட்டும் காசைக் கடன் எடுத்தவரிடம் பின்னர் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அதனால் ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

குழுக்கடன் தவணை கட்டவில்லை என்பதற்காகப் பொலிஸ் உங்களைப் பிடிக்காது. இது சிவில் விவகாரம். கம்பனி மத்தியஸ்த சபைக்கோ நீதிமன்றத்துக்கோ போகலாம். அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். நீதிமன்றத்துக்குப் போகாமல் விட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும்.

ஈ.பி.எப். பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டத்தில் அதைச் சொல்லித்தான் அதிகம் பயமுறுத்துகிறார்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் போடும் 12 வீதமும் சேரும் அந்தக் காசைக் கடன்காரர் எவரும் பிடிக்க முடியாது. சட்டமே அதைத் தடுக்கிறது. ஒரே ஒரு விலக்கு வீட்டுக் கடன். அங்கத்தவர் தன் ஈ.பி.எப். மீதியைப் பொறுப்பாக வைத்து, அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்றில் வீடு கட்டவோ திருத்தவோ கடன் எடுக்கலாம். மீதியில் 75 வீதம் வரை கிடைக்கும். இதற்குத் தொழில் திணைக்களம் சான்றிதழ் கொடுக்கும். அந்தக் கடனைக் கட்டாமல் விட்டால் நிலுவையை மத்திய வங்கி உங்கள் ஈ.பி.எப். கணக்கிலிருந்தே எடுத்துக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அனுப்பும். பலர் இதை மறந்துவிட்டு, 50 வயதில் (ஆண்கள் என்றால் 55) காசெடுக்கப் போகும்போதுதான் குறைந்திருப்பதைப் பார்க்கிறார்கள். நீங்களோ கணவரோ அப்படிச் சான்றிதழ் எடுத்துக் கையெழுத்துப் போட்டதுண்டா என்று யோசித்துப் பாருங்கள். இல்லை என்றால் உங்கள் காசு பத்திரம். குழுக்கடனுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

கலெக்சன்காரர் இருட்டிய பிறகு வந்து அயலவர் முன்னால் அவமானப்படுத்துவது தவறு. மத்திய வங்கி 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்திருக்கிறது. அவர் வந்த திகதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர் யார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிட்டு, பதில் சரியில்லை என்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்பது ஒழுங்கு. மிரட்டிய கம்பனிக்கே முதலில் கடிதம் எழுது என்கிறார்கள். அதைத் தபாலில் போட டவுனுக்குப் போனால் ஒரு நாள் பேரும் சம்பளமும் போகும் என்பது கொழும்பில் இருப்பவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? இருந்தாலும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதுத் துண்டைத் தொலைக்காதீர்கள். அந்தக் கம்பனி மத்திய வங்கியில் பதிவானதா என்றும் அதே இலக்கத்தில் கேட்கலாம். கதவைத் தட்டி உடைக்கப் பார்த்தாலோ கை வைத்தாலோ நேரே பொலிசுக்குப் போய் முறைப்பாடு எழுதுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தையும் வாங்குங்கள். வழக்கு என்று வந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் வருமானம் குறைந்தவர்களுக்கு உதவி உண்டு.

பிணை உறுதி என்று தெரிந்தால் பேரம் பேசுங்கள். குழுவில் கையெழுத்துப் போட்ட மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு கிளை முகாமையாளரிடம் போங்கள். தண்டப்பணம், பிந்திய வட்டியைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், சம்பள நாளுக்குப் பிந்திய திகதியில் மாதத் தவணையாக மாற்றக் கேளுங்கள். ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்காமல் முதல் தவணையைக் கட்ட வேண்டாம். காசைக் கலெக்சன்காரர் கையில் கொடுக்காதீர்கள்; கம்பனியின் பேரில் உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். முடிந்ததும் முழுவதும் தீர்ந்தது என்ற கடிதம் வாங்குங்கள்.

மகனைப் பற்றிய கவலை: உங்கள் பதிவு அவர் பதிவாக மாறாது. அவருடைய அடையாள அட்டை இலக்கத்துக்கு அவருடைய கணக்கு. ஆனால் லீசிங் கம்பனி உங்களைப் பிணையாளராகக் கேட்டால் உங்கள் அறிக்கையையும் பார்க்கும், அங்கே சிக்கும். இந்தப் பிரச்சினை தீரும்வரை வேறொருவரைப் பிணைக்கு வைக்கச் சொல்லுங்கள், இல்லை முற்பணத்தைக் கூட்டிக் கட்டி லீசிங் தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்த ஹட்டன்காரருக்குக் கொடுக்க வைத்திருந்த 25,000 ரூபாயை அந்த முற்பணத்தில் சேர்க்கலாம்.