கல்லாப்பெட்டியில் சேர்த்த காசுகள்: கேள்வி பதில்

எழுபதுகளில், பள்ளிக்கூடம் போகும்போதே நாணயம் சேர்க்கத் தொடங்கியவன் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

தேனி: சார், கையில் காசில்லாத வயசில் எப்படிக் காசு சேர்த்தீர்கள்?

செலவே இல்லாத வழி ஒன்று இருந்தது. தெருமுனை மளிகைக் கடையில் ஒரு ரூபாய்த் தாளைக் கொடுத்துச் சில்லறையாக வாங்குவேன். திண்ணையில் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டுவேன். என்னிடம் இல்லாத வருடம் கிடைத்தால் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் வேறு காசைப் போட்டு மறுநாள் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கடைக்காரருக்கும் சில்லறைத் தட்டுப்பாடு, அதனால் திட்டமாட்டார். ஆறு மூலை கொண்ட மூன்று பைசா 1964 முதல் 1971 வரை வந்தது. வருடத்துக்கு ஒன்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 24 பைசாவைத் தாண்டாது. தீப்பெட்டிக்குள் அடங்கிய வரிசை அது!

ஈரோடு: எந்த ஊரில் அடித்த காசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணே?

வருடத்துக்குக் கீழே பாருங்கள். டைமண்ட் இருந்தால் பம்பாய், நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. வட்டப் புள்ளி நொய்டாவுக்கு உரியது. இதில் ஒரு சிக்கல் உண்டு. தேய்ந்த காசில் டைமண்டின் முனைகள் மழுங்கி வட்டப் புள்ளி மாதிரியே தெரியும். நொய்டாவில் காசு அடிக்கத் தொடங்கியது 1988இல்தான். எனவே 1975 என்று போட்ட காசில் புள்ளி தெரிந்தால் அது தேய்ந்துபோன பம்பாய். ஹைதராபாத்தின் பழைய காசுகளில் நட்சத்திரத்துக்குப் பதிலாகப் பிளந்த டைமண்ட், புள்ளி வைத்த டைமண்ட் எல்லாம் வரும். லென்ஸ் இல்லாமல் அதைப் பார்க்க உட்காராதீர்கள்.

விருதுநகர்: பாட்டியின் சுருக்குப்பையில் ஓட்டைக் காலணா கிடைத்தது. அரியதா?

இல்லை. இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாடு வந்ததால் நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்கள். 1943 முதல் 1947 வரை ஏராளமாக வந்தது. வாஷர் இல்லாத அவசரத்துக்கு இதைப் போட்டு போல்ட் முடுக்கியவர்களை எனக்குத் தெரியும். விலையைப் பார்க்காதீர்கள், பாட்டியுடையது அல்லவா, வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை: பழைய செப்புக் காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். நான் கெட்டு அறிந்தவன். 1835ஆம் வருடத்துக் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காலணா ஒன்று, நல்ல சாக்லேட் நிறத்தில் என்னிடம் இருந்தது. தீபாவளிக்குக் குத்துவிளக்கு தேய்த்த புளியும் சாம்பலும் மிச்சம் இருந்ததால் அதையும் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று, தோலுரித்த மாதிரி ஓர் இளஞ்சிவப்பு வந்தது. பெருமையாக மூர் மார்க்கெட்டுக்கு எடுத்துப் போனேன் (அது 1985இல் எரிந்துபோவதற்கு முந்தைய கதை). பழங்காசு விற்கும் பெரியவர் வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, குளிப்பாட்டிட்டியே" என்றார். நூற்றைம்பது வருடம் படிந்த நிறம், பத்தே நிமிடத்தில் போயிற்று. அழுக்கு ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அப்புறம் மெத்துமெத்தென்ற பிவிசி உறையிலும் போடாதீர்கள், நாளடைவில் பச்சையாகப் பிசுக்குப் பிடிக்கும்.

சேலம்: தாமரை போட்ட 20 பைசாவில் தங்கம் இருக்கிறதாமே?

நான் சின்னப் பையனாக இருந்தபோதே இந்தப் பேச்சு உண்டு. அது மஞ்சள் நிறச் செப்புக் கலவைதான். தங்கம் பொட்டுக்கூடக் கிடையாது.

கரூர்: அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சங்ககாலக் காசுகளை வாங்கினீர்களா?

இல்லை. விலை எட்டவில்லை, போலியைப் பிரித்தறியும் கண்ணும் எனக்கு இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்ப்பதோடு சரி. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது 1972ஆம் வருடச் சட்டம். புதையலாகக் கிடைத்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும்.

திருப்பூர்: வைஷ்ணோ தேவி 5 ரூபாய்க் காசுக்குப் பத்து லட்சம் தருவதாக வாட்ஸ்அப்பில் வந்தது. முதலில் ஜிஎஸ்டி கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள். காசை வாங்குகிறவன் உங்களிடம் எதற்குப் பணம் கேட்கிறான்? ரிசர்வ் வங்கி 2021லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அந்தக் காசு இன்னும் செல்லும். அப்படி மூன்று சேர்ந்தால் ஒரு டீ குடிக்கலாம்.