ஆராய்ச்சியாளர்கள் மாஸ்டடானில் தங்கள் துறைக்கென ஒரு குழுவை உருவாக்கி நிலைக்க வைக்க முடியுமா?

முடியும். மாஸ்டடான் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத, ட்விட்டர் மாதிரியான தளம்; யார் வேண்டுமானாலும் தங்களுக்கென்று ஒரு சர்வர் போட்டு நடத்தலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வேலையாகச் சொந்தமாக ஒரு சர்வர் போடப் போகிறீர்கள் என்று தோன்றுகிறது. "நாற்பது பேர் இருக்கிறோம், ட்விட்டரை விட்டு வந்துவிட்டோம், எங்கள் துறைக்கென்று ஓர் இடம் வேண்டும்" என்கிறீர்கள். 2023 ஜனவரியில் நானும் இதையேதான் சொன்னேன். பதினான்கு மாதத்தில் மூடினோம். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

தென் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். என் ஆராய்ச்சி கிராஃப் லேபிளிங், அதாவது புள்ளிகளும் கோடுகளும் கொண்ட படங்களுக்கு ஒரு விதிப்படி எண் கொடுப்பது. தமிழ்நாட்டில் இதில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் நிறைய. அதனாலேயே "இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?" என்று கேட்பவர்களும் நிறைய. அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான்கு புள்ளிகளை வரிசையாகக் கோடு போட்டு இணையுங்கள். அவற்றுக்கு 0 முதல் 3 வரையுள்ள எண்களை 0, 3, 1, 2 என்ற வரிசையில் கொடுங்கள். பக்கத்துப் பக்கத்து எண்களின் வித்தியாசம் 3, 2, 1. எதுவும் இரண்டு முறை வரவில்லை. சுற்று இல்லாத, ஒரே துண்டாக இருக்கும் எந்தப் படத்துக்கும், அதாவது எந்த 'மரத்துக்கும்', இப்படி எண்ணிட முடியுமா? 1967-இல் அலெக்சாண்டர் ரோசாவின் கட்டுரையிலிருந்து வளர்ந்த கேள்வி இது. 35 புள்ளிகள் வரை கம்ப்யூட்டரில் சரிபார்த்துவிட்டார்கள். பொதுவான நிரூபணம் இன்றுவரை யாரிடமும் இல்லை.

2022 அக்டோபர் கடைசியில் ட்விட்டர் எலான் மஸ்க் கைக்குப் போனது. அடுத்த சில வாரங்களில் நான் படித்துக்கொண்டிருந்த கணித ஆட்கள் பலர் மாத்ஸ்டடானுக்கு நகர்ந்தார்கள். அது கணிதத்துக்கென்றே 2017-லிருந்து இருக்கும் மாஸ்டடான் சர்வர். டெரன்ஸ் டாவ், ஜான் பாயஸ் போன்ற பெயர்பெற்ற கணிதர்கள் அங்கே எழுதுகிறார்கள். கணிதக் குறியீடுகளை எழுதும் லேடெக்ஸில் அடித்தால் சூத்திரம் சூத்திரமாகவே தெரியும். ட்விட்டரில் ஒரு சமன்பாட்டைக் காட்ட ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வேறு துறைக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

அங்கே போன மூன்றாவது வாரம் ஒன்று நடந்தது. மரங்களில் 'லாப்ஸ்டர்' என்று ஒரு வகை உண்டு. நுனிப் புள்ளிகளை ஒரு முறை நீக்கினால் 'கேட்டர்பில்லர்' மிஞ்சும், இன்னொரு முறை நீக்கினால் ஒற்றைப் பாதை மிஞ்சும். கேட்டர்பில்லருக்கு ரோசாவே வழி சொல்லிவிட்டார். லாப்ஸ்டர் எல்லாவற்றுக்கும் முடியும் என்று 1979-இல் பெர்மோன் சொன்ன ஊகம் இன்னும் அப்படியே நிற்கிறது. அதில் ஒரு சின்ன உட்பிரிவுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். கையால் பத்துப் பன்னிரண்டு படங்களில் போட்டுப் பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்கு அதைப் பதிவாகப் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பால் காய்ச்சும்போது போனைப் பார்த்தால் முன்பின் தெரியாத ஒருவரின் பதில். 13 புள்ளி மரம் ஒன்று. என் முறைப்படியே எண் போட்டு, 7 என்ற வித்தியாசம் வரும் இரண்டு கோடுகளை மட்டும் சிவப்பில் காட்டியிருந்தார். கீழே ஒரே வரி: இந்தக் கிளையை மட்டும் கடைசியில் எண்ணிட்டால் சரியாக வருமா? வந்தது. அந்தத் தவறோடு கட்டுரையை இதழுக்கு அனுப்பியிருந்தால் எட்டு மாதம் காத்திருந்து மறுப்பு வாங்கியிருப்பேன்.

இருபது வருடமாகத் தனியாக உட்கார்ந்து செய்த வேலையில், ஒருவர் தன் இரவைச் செலவழித்து என் படத்தைப் போட்டுப் பார்த்தார் என்பதே எனக்கு இன்னும் தாங்காது. இது நம் ஊர் மாணவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் தனிச் சர்வர் ஆசை வந்தது.

"வாட்ஸ்அப் குழு போதாதா?" என்று கேட்பீர்கள். எங்களுக்கும் இருந்தது. என்னிடம் ஆராய்ச்சி செய்த ஒரு பெண் அதில் வாயே திறக்க மாட்டாள். ஏன் என்று கேட்டேன். "மேடம், ஏதாவது எழுதினா தெரியாதவங்க தனியா மெசேஜ் அனுப்புறாங்க. எல்லார்கிட்டயும் என் நம்பர் இருக்கே" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? அதோடு, குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அப்போது பழைய உரையாடல் எதுவும் தெரியாது. வெளியில் இருப்பவர் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது.

சரி, சர்வர் கதைக்கு வருகிறேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் தானாக முன்வந்து போட்டுக் கொடுத்தான். செலவும் அவனுடையது. 31 பேர் சேர்ந்தோம். ஜிமெயிலில் இருந்து யாகூவுக்கு மெயில் போவது மாதிரி எங்கள் சர்வரில் இருந்துகொண்டே மாத்ஸ்டடான்காரர்களோடு பேசலாம். அந்த வசதி உண்மை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாம் பின்தொடரும் வெளிச் சர்வர்காரர்களின் படங்களையும் நம் சர்வர் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். அதை அவ்வப்போது துடைக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆறாவது மாதம் டிஸ்க் நிரம்பி இரண்டு நாள் எல்லாம் நின்றது.

பெரிய அடி 2024 பிப்ரவரியில் விழுந்தது. அந்த மாதம், யார் வேண்டுமானாலும் அனுமதியில்லாமல் கணக்கு திறக்கலாம் என்று விட்டுவைத்த சிறு சர்வர்களாகத் தேடிப் பிடித்து, தானாகக் கணக்குகளைத் திறந்து ஸ்பேம் அனுப்பினார்கள். எங்கள் சர்வரும் அப்படித் திறந்துதான் கிடந்தது. சர்வர் போட்டுக் கொடுத்த மாணவத் தம்பிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது, நான் செமஸ்டர் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் முகவரியிலிருந்து குப்பை போய்க்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை பார்த்தால் பல சர்வர்கள் எங்களை மொத்தமாகத் தடை செய்திருந்தன. அவர்கள் மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அப்படித் தடை செய்தால் அந்தப் பக்கம் இருந்த பின்தொடர்பு எல்லாம் அறுந்துவிடும். பிறகு வேறு சர்வருக்குக் கணக்கை மாற்றியபோது அவர்கள் யாரும் கூட வரவில்லை. பதிவுகள் எப்படியும் வராது, மாஸ்டடானில் கணக்கை மாற்றினால் பின்தொடர்பவர்கள் மட்டும்தான் நகர்வார்கள். பதினான்கு மாத உரையாடலில் நான் நோட்டில் எழுதி வைத்தது மட்டும்தான் இன்று இருக்கிறது.

தம்பியைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை, குழந்தை, அதற்கு நடுவில் சம்பளமில்லாமல் ஒருவன் எவ்வளவு செய்வான்? அதனால்தான் சொல்கிறேன், சர்வர் நடத்துவதை நடத்தத் தெரிந்த அமைப்புகளிடம் விடுங்கள். இலக்கியம், வரலாறு போன்ற மனிதவியல் துறைகளுக்கு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஹியூமானிட்டீஸ் காமன்ஸ் (இப்போது நாலெட்ஜ் காமன்ஸ்) ஒன்றைத் தொடங்கியது. நெதர்லாந்தில் பல்கலைக்கழகங்களின் கூட்டுறவு அமைப்பான சர்ஃப் தன் ஆட்களுக்கு ஒன்று போட்டது. சூழலியல், பரிணாமவியல்காரர்களுக்கு எக்கோஈவோ இருக்கிறது. இருக்கிற இடத்தில் போய்ச் சேர்ந்து, உங்களுக்கென்று ஒரு ஹேஷ்டேக் வைத்துக்கொள்ளுங்கள். ஹேஷ்டேக் மிக முக்கியம். எழுதியவர் அனுமதித்திருந்தால்தான் அவர் பதிவு சொல்தேடலில் கிடைக்கும். அந்த வசதியே 2023 செப்டம்பரில்தான் வந்தது.

ட்விட்டர் மாதிரியான இன்னொரு தளமான ப்ளூஸ்கையின் ஆதரவாளர்கள் வருவார்கள் என்று தெரியும். 2024 பிப்ரவரியில் அழைப்பு இல்லாமலேயே யாரும் சேரலாம் என்றானதும் அங்கே கூட்டம் சேர்ந்தது. ஒரு துறைக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே அழுத்தில் பின்தொடர ஸ்டார்ட்டர் பேக் இருக்கிறது, துறைக்கென்று தனி ஃபீட் அமைக்கலாம். என் வரலாற்றுத் துறை நண்பர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், சந்தோஷமாக இருக்கிறார்கள். உங்களுக்குப் பரவலாகப் போய்ச் சேர்வது முக்கியம் என்றால் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவர்களின் கணக்கு ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒரு முறை சூடுபட்டவள் என்பதால் எனக்கு அது உறுத்துகிறது.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை நேரம் செலவழித்துச் செய்த இந்த வேலைக்குப் பதவி உயர்வுப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஆனால் பணம் கட்டி, காலையில் ஒரு தலைமை உரை, மதியம் சாம்பார் சாதம், மாலையில் சான்றிதழ் என்று நடக்கும் 'தேசியக் கருத்தரங்கு'க்குப் புள்ளி உண்டு. போன வருடம் ஒரு கருத்தரங்கில் என் மாணவி பேச எழுந்தாள். "நேரமாகிவிட்டது, எல்லாருக்கும் சான்றிதழ் வந்துவிடும், உட்காருங்கள்" என்றார்கள். பேருந்தில் நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்த பெண். ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை. இதை மாற்றும் அதிகாரம் உள்ளவர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

இப்போது நாங்கள் ஒன்பது பேர்தான். ஒரு பெரிய சர்வரில் இருக்கிறோம். சனிக்கிழமை இரவு ஒவ்வொருவரும் அந்த வாரம் எங்கே முட்டி நின்றோமோ அதை மட்டும் போடுவோம். இன்னொருவர் பதிவுக்கு ஒரு பதிலாவது எழுதிவிட்டுத்தான் படுப்பது என்று வைத்திருக்கிறோம். 31 பேர் இருந்தபோது பாதிப் பேர் தங்கள் கட்டுரை இணைப்பைப் போட்டுவிட்டுப் போவார்கள், மற்றவர் எழுதியதைத் தொடக்கூட மாட்டார்கள். கருத்தரங்கில் உட்கார வைக்கப்பட்ட அதே பெண் இப்போது வாரம் தவறாமல் எழுதுகிறாள். வாட்ஸ்அப்பில் வாய் திறக்காதவளும் அவள்தான்.

உங்கள் நாற்பது பேரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வாரம் மூன்று நாள் அடுத்தவர் பதிவுக்குப் பதில் எழுத யார் தயார்? பத்துப் பேர் கை தூக்கினால் தொடங்கிவிடுங்கள். மாதம் ஒரு முறை ஒவ்வொருவரும் தங்கள் பதிவுகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அமைப்புகளில் அதற்கு வழி இருக்கிறது. உங்கள் துறை எது என்று குறிப்பிடவில்லை. கீழே சொன்னால், எந்தச் சர்வரில் சேரலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.