பதில்: தாங்கி நிரம்ப முதலே பற்றரி இறங்குது

தம்பி, சோலர் பற்றரியில் ஓடும் பம்பால் 1000 லீற்றர் கிணற்றுத் தண்ணீரை 10 மீற்றர் உயரத் தாங்கிக்கு ஏற்ற 27 வாற்-மணிதானே வருகுது, பிறகேன் பற்றரி படுக்குது என்று முழங்காவிலிலிருந்து கேட்டிருந்தீர்கள். கணக்கு சரி. ஆனால் அது தண்ணீருக்குப் போய்ச் சேரும் அழுத்த சக்தி (உயரத்தில் நிற்பதால் வரும் சக்தி) மட்டும். சோலர் பனலில் ஒளி மின்னாகி, பற்றரியில் இரசாயன சக்தியாகி, திரும்ப மின்னாகி, இன்வேட்டரில் ஆடலோட்டமாகி (ஏசி), மோட்டரில் சுழற்சியாகி, கடைசியில்தான் தண்ணீர் ஏறுகிறது; ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் வெப்பமாகக் கழிந்துவிடும் (மோட்டர் சுடுவது அதனால்தான்). சின்னப் பம்புதான் பெரிய கள்ளன், பாதிக்கு மேல் அங்கேயே போய்விடலாம். ஆவணி, புரட்டாதியில் கிணற்றுமட்டம் இறங்கினால் அந்த 27உம் கூடும். என்னைக் கேட்டால், வன்னி வெயிலுக்குப் பம்புக்குப் பற்றரியே வேண்டாம். பனலிலிருந்து நேரே ஓடும் டிசி (நேரோட்ட) பம்பைக் கன்றோலரோடு (பனல் மின்னைப் பம்புக்கு ஏற்றபடி சீராக்கும் கருவி) போட்டு, பகலிலேயே தாங்கியை நிரப்புங்கள், உயரத்தில் நிற்கிற தண்ணீரும் சேமித்த சக்திதானே. பற்றரியை வீட்டு லைற்றுக்கு விடுங்கள்.