புது பிக்கப் 90–110 வேகத்தில் உதறுகிறது. மூன்று தடவை வீல் பேலன்சிங் செய்தும் போகவில்லை. வேறு என்ன பார்க்க வேண்டும்?

நான்காவது பேலன்சிங்குக்குப் போகாதீர்கள். சக்கரத்தின் எடை ஏற்றத்தாழ்வுதான் கோளாறு என்றால் ஒழுங்காகச் செய்த முதல் பேலன்சிங்கிலேயே போயிருக்கும். மூன்றிலும் போகவில்லை என்றால், ஒன்று சக்கரத்தை மெஷினில் மாட்டிய விதம் தவறு, இல்லாவிட்டால் கோளாறுக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. இதற்குள் "பிக்கப் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஏற்காதீர்கள். காலி வண்டி பள்ளத்தில் தூக்கிப் போட்டால் அது பிக்கப்பின் சுபாவம். வழவழப்பான சாலையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கிளம்பி, அதைத் தாண்டினால் அடங்குகிற உதறல் கோளாறுதான்.

எதையும் கழற்றுவதற்கு முன் விநாடிக்கு எத்தனை தடவை உதறுகிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். ஓடும் வண்டியில் இந்த மாதிரி உதறலைக் கொடுக்கக்கூடியவை சக்கரம், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் பக்கத்துச் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் நீளக் குழாய்), எஞ்சின் மூன்றும்தான். மூன்றும் மூன்று வேகத்தில் சுற்றுகின்றன. உதாரணத்துக்கு 265/65 ஆர் 17 டயரை எடுத்துக்கொள்வோம். பக்கச்சுவரின் உயரம் டயர் அகலமான 265 மி.மீ.இல் 65 சதவீதம், அதாவது 172 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 344. ரிம் 17 அங்குலம், அதாவது 432. மொத்த விட்டம் 776 மி.மீ, சுற்றளவு 2.44 மீட்டர். பாரத்தில் டயர் நசுங்குவதற்கு 3 சதவீதம் கழித்தால் ஒரு சுற்றுக்கு சுமார் 2.37 மீட்டர். 100 கி.மீ வேகம் என்பது விநாடிக்கு 27.8 மீட்டர். ஆகவே சக்கரம் விநாடிக்கு சுமார் 12 சுற்று சுற்றுகிறது. பின் ஆக்சில் விகிதம் 3.9 என்றால், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.9 சுற்று சுற்றினால், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் 46 சுற்று. எஞ்சின் 2,000 ஆர்.பி.எம்மில் ஓடினால் 33 சுற்று. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு எரிப்பு என்பதால் அதன் துடிப்பு 67. உங்கள் டயர் அளவையும் ஆக்சில் விகிதத்தையும் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளுங்கள்.

அளப்பதற்கு ஃபோனில் இருக்கும் அதிர்வு உணரியே போதும். அதிர்வு விநாடிக்கு எத்தனை தடவை என்று காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. ஃபோனைக் கையில் பிடிக்காதீர்கள், ரப்பர் ஸ்டாண்டிலும் வைக்காதீர்கள். சீட்டுக்கு அடியில் தரையோடு பதியும் தண்டவாளத்தில் டேப் போட்டு இறுக்கி ஒட்டுங்கள். உதறல் வரும் வேகத்தில் அரை நிமிடம் சீராக ஓட்டினால் வரைபடத்தில் ஒரு உச்சி எழும். படிப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வேலை. ஒரு எச்சரிக்கை: செயலி விநாடிக்கு 100 தடவைதான் அளவு (மாதிரி) எடுக்கிறது என்றால் 50-க்கு மேற்பட்ட அதிர்வை அது சரியாகக் காட்டாது. ஷாஃப்டின் முனைகளில் அது வளைந்து சுற்ற இடம் கொடுக்கும் மூட்டான கிராஸில், ஒரு சுற்றுக்கு இரண்டு என்று பிறக்கும் 92 துடிப்பு அதில் 8 என்று மடங்கி வந்து நிற்கும், அதைப் பார்த்துவிட்டு டயர்மேல் பழி போடுவார்கள். ஆகவே மாதிரி எண்ணிக்கையை அமைப்பில் 200-க்கு மேல் வையுங்கள்.

அடுத்து, அதே 100 வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சுற்று ஏறியும் உதறல் அப்படியே இருந்தால் எஞ்சினை மறந்துவிடலாம், சக்கரமோ ஷாஃப்டோதான். பிறகு ஆளில்லாத நேரான சாலையில், எஞ்சினை அணைக்காமல், நியூட்ரலில் விட்டு வேகம் தானாக இறங்கட்டும். அப்போதும் உதறினால் சந்தேகம் இன்னும் உறுதி. நியூட்ரலுக்கு வந்த நொடியே நின்றுவிட்டால், ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் மாறுகிற ஒன்றைத் தேட வேண்டும்: ஷாஃப்டின் கோணம், டார்க் கன்வெர்ட்டர் (ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைப்பது), எஞ்சினைத் தாங்கும் மவுன்ட். ஸ்டியரிங் நடுங்கினால் முன்சக்கரம், சீட்டும் தரையும் நடுங்கினால் பின்னால் என்பது பெரும்பாலும் சரி. சேஸிஸ் சட்டத்தின் மேல் கேபினும் சாமான் ஏற்றும் தொட்டியும் தனித்தனியாக உட்காரும் வண்டியில் அதிர்வு ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் தலைகாட்டும் என்பதால், அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இந்தச் சோதனைகளையெல்லாம் 20 நிமிடம் ஓட்டி டயர் சூடான பிறகே செய்யுங்கள். இரவு முழுக்க நின்ற டயர் தரையில் பட்ட இடத்தில் கொஞ்சம் தட்டையாகி, முதல் சில கிலோமீட்டர் உதறி, சூடானதும் சரியாகிவிடும். யார்டில் மாதக்கணக்கில் நின்ற புது வண்டியில் அந்தத் தட்டை நிரந்தரமாகவே தங்கிவிடுவதும் உண்டு. காற்றழுத்தம் டிரைவர் கதவு ஓரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ளபடி இருக்க வேண்டும். கப்பலிலும் லாரியிலும் ஏற்றுவதற்காகத் தொழிற்சாலையில் கூடுதலாக அடித்த காற்றை டெலிவரிக்கு முன் குறைக்காமல் விடுவது சாதாரணமாக நடக்கிறது. ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேறு இருக்கிறதா என்று கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

எண் 12-க்குப் பக்கத்தில் இருந்தால் சக்கரம். முதலில் பார்க்க வேண்டியது, சக்கரத்தை மாட்டும் ஹப்பும் ரிம்மும் ஒட்டும் முகம். அதில் ஒரு சின்னத் துரு அடுக்கோ பெயின்ட் பிசிறோ இருந்தால் சக்கரம் சாய்ந்து உட்காரும். கம்பி பிரஷ் போட்டுத் துடையுங்கள். சக்கரம் தரையைத் தொடாத நிலையில் நட்டுகளைக் கையால் ஏற்றி, நட்சத்திர வரிசையில் இரண்டு தவணையாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்குங்கள். நியூமேட்டிக் கன்னால் ஒரே அடியில் இறுக்குவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காத பழக்கம். முதல் நட்டு முழுக்க இறுகிவிட்டால் மீதி நட்டுகள் சக்கரத்தை நடுவுக்கு இழுக்க வழியில்லை.

இப்போது பேலன்சிங் மெஷின். பிக்கப் ரிம்மின் நடு ஓட்டை பெரியது. கார் ரிம்முக்கான கோனை (சக்கரத்தை நடுவில் நிறுத்த ஓட்டையில் சொருகும் கூம்பை) முன்பக்கமிருந்து சொருகி மாட்டினால் சக்கரம் மெஷினில் நடுவில் உட்காராது. அதற்குப் பொருந்தும் கோன் பின்பக்கமிருந்தும், நட்டு ஓட்டைகளில் விரல் போலப் பதியும் ஃபிளாஞ்ச் தட்டு முன்பக்கமிருந்தும் வர வேண்டும். மாட்டியது சரியா என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும்: மெஷின் பூஜ்யம் காட்டியதும் சக்கரத்தைத் தளர்த்தி, அரைச்சுற்று திருப்பி மறுபடி மாட்டிச் சுற்றச் சொல்லுங்கள். 5 கிராமுக்குள் மாறினால் சரி. 20, 30 கிராம் என்று காட்டினால் அதுவரை ஒட்டிய எடையெல்லாம் வீண். உங்களுக்கு மூன்று தடவையும் இதுதான் நடந்திருக்கும் என்று சந்தேகிக்கிறேன். கம்பெனி ரிம்மை மாற்றி வேறு ரிம் போட்டிருந்தால், அதன் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். இடைவெளியை நிரப்பும் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எடை சரியாக இருந்தும் டயர் உதறும். டயரின் சுவர் ஓரிடத்தில் கெட்டியாகவும் ஓரிடத்தில் இளகியும் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் கெட்டியான இடம் தரையில் பதியும்போது ஆக்சிலை மேலே தள்ளும். பாரமில்லாமல் சுழற்றும் சாதாரண மெஷினுக்கு இது தெரியவே தெரியாது. சுழலும் டயர்மேல் ஒரு உருளையை அழுத்தி விசை மாற்றத்தை அளக்கும் 'ரோடு ஃபோர்ஸ்' பேலன்சர் வேண்டும். நான்கு சக்கரத்தையும் அதில் அளக்கச் சொல்லி, எண்களை எழுதி வாங்குங்கள். என் கணிப்பில், சட்டத்தின் மேல் உட்காரும் பிக்கப்புக்கு 9 கிலோவுக்கு, அதாவது 20 பவுண்டுக்குக் கீழே இருப்பது நல்லது. 14 கிலோவைத் தாண்டினால் காலி வண்டியில் கட்டாயம் தெரியும். அதிகமாக இருந்தால் உடனே டயரைத் தூக்கிப் போட வேண்டாம். ரிம்மிலிருந்து டயரைத் தளர்த்தி, ரிம்மின் பள்ளமான இடத்தில் டயரின் கெட்டியான இடம் வரும்படி திருப்பி மாட்டினால் பல சமயம் பாதியாகக் குறையும். பல டயர்களில் கெட்டியான இடத்துக்குச் சிவப்புப் புள்ளியே வைத்திருப்பார்கள். திருப்பி மாட்டியதும் டயருக்கும் ரிம்முக்கும் குறுக்கே சாக்பீஸில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாட்டும்போது தடவிய சோப்புத் தண்ணீர் காய ஒரு நாள் ஆகும். அதற்குள் சடாரென்று பிரேக் அடித்தால் டயர் ரிம்மில் நழுவி இடம் மாறிவிடலாம். கோடு விலகியிருந்தால் நழுவியிருக்கிறது.

அலைன்மென்ட் பற்றிச் சொல்லவே இல்லையே என்று யாராவது கேட்பார்கள். அலைன்மென்ட் கோணம் தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரம் தேயும். உதறலை நேரடியாக உண்டாக்காது. பிரேக் பிடித்தால் மட்டும் ஸ்டியரிங் ஆடுகிறது என்றால் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை. அது தனிக் கதை.

எண் 46 அல்லது 92 வந்தால் ஷாஃப்ட். 46 என்பது ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, அதாவது எடை ஏற்றத்தாழ்வு அல்லது வளைவு. குழாயில் அடிபட்ட குழி, ஒட்டிய தார், கழன்று விழுந்த எடைத்துண்டு ஆகியவற்றைப் பாருங்கள். நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றும்போது நடுவில் 1 மி.மீ.க்கு மேல் ஆடக்கூடாது. ஆக்சில் பக்க ஃபிளாஞ்சிலிருந்து ஷாஃப்டைக் கழற்றி அரைச்சுற்று திருப்பி மாட்டுவது செலவில்லாத வைத்தியம், பல சமயம் பலிக்கும். கழற்றுவதற்கு முன் எல்லா இணைப்பிலும் பெயின்ட் குறி கட்டாயம். குறியில்லாமல் கழற்றி நடுவிலுள்ள பல்வெட்டு இணைப்பான ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளிக் கோத்துவிட்டால் இரண்டு முனைக் கிராஸும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, இல்லாத உதறல் புதிதாகப் பிறக்கும்.

92 என்றால் கிராஸின் கோணம். கிராஸ் வளைந்த நிலையில் சுற்றும்போது, ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். முன் கிராஸ் உண்டாக்குவதைப் பின் கிராஸ் எதிராகச் செய்து அழிக்க வேண்டும். அதற்கு இரண்டு கோணமும் ஒரு டிகிரிக்குள் சமமாக இருக்க வேண்டும், இரண்டுமே 3 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. பின்னால் பட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்திய வண்டியில் இது கெட்டுப்போவதுதான் வழக்கம். ஆப்பு வடிவத் தகடு வைத்துத் திருத்தலாம். தொட்டியில் 150 கிலோ ஏற்றி ஓட்டிப் பாருங்கள். பாரத்தில் உதறல் குறைந்தாலோ கூடினாலோ கோணம்தான் முதல் சந்தேகம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது 40 வேகத்துக்குள் ஒரு குலுக்கல் வந்தால் ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரைப் பாருங்கள். புது வண்டிகள் பலவற்றில் கிராஸுக்கு கிரீஸ் அடிக்கும் வாயான நிப்பிளே கிடையாது. ஆயுளுக்கும் கிரீஸ் வேண்டாம் என்கிறார்கள்; யாருடைய ஆயுள் என்று சொல்வதில்லை. சேற்றிலும் தண்ணீரிலும் ஓடுகிற வண்டிக்கு இரண்டு நிப்பிளை மிச்சம் பிடித்து என்ன கண்டார்களோ, எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

ஆட்டோமேட்டிக் வண்டி, லேசாக ஆக்சிலேட்டர் வைத்து ஒரே வேகத்தில் போகும்போது, சாலை ஓரத்து வரிமேடுகள்மேல் ஓடுவது போல ஓரிரு விநாடி நடுங்கிவிட்டு நின்றால், கோளாறு டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் கிளட்சில், அதாவது சீரான வேகத்தில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் கிளட்சில். ஆக்சிலேட்டரை விடாமல் இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். லாக்கப் விடுபட்டு நடுக்கம் சட்டென்று நின்றால் உறுதி. ஜெனரல் மோட்டார்ஸின் 8 கியர் ஆட்டோமேட்டிக்கில் இது பரவலாக வந்து, கியர் ஆயில் ஈரம் இழுத்ததுதான் காரணம் என்று ஆயிலையே வேறு வகைக்கு மாற்றச் சொல்லி டீலர்களுக்கு அறிவிப்பு அனுப்பினார்கள். உங்கள் மாடலுக்கு அப்படி அறிவிப்பு உண்டா என்று கேளுங்கள். கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

வாரண்டியில் புகார் கொடுக்கும்போது "வண்டி உதறுது" என்று எழுதவிடாதீர்கள். "டயர் சூடான பின், காலி வண்டி, 95 முதல் 105 வேகம், 6-ஆம் கியர், 1,900 ஆர்.பி.எம், விநாடிக்கு 12 அதிர்வு, நியூட்ரலிலும் தொடர்கிறது" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். இயல்புதான் என்று மறுபடியும் சொன்னால், அதே மாடல், அதே டயர் உள்ள இன்னொரு வண்டியை அதே சாலையில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். அதன் நான்கு சக்கரத்தையும் உங்கள் வண்டிக்கு மாற்றிப் பார்த்தால் டயர் வழக்கு அரை மணியில் தீர்ந்துவிடும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ரோடு ஃபோர்ஸ் அளவுகளை அச்செடுத்து ஜாப் கார்டோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்த பிறகு இதே உதறல் திரும்பினால், புகார் வாரண்டி காலத்துக்குள்ளேயே பதிவானது என்பதற்கு அந்தக் காகிதம்தான் சாட்சி.