மூன்று வாரம் ஓய்வெடுத்தும் கால் முன்னெலும்பு (முழங்காலுக்குக் கீழே) வலி போகவில்லை

மூன்று வார ஓய்வுக்குப் பிறகு மறுபடி 5 கிலோமீட்டர் ஓடப் போனதும் வலி வந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாவது கிலோமீட்டரிலேயே வலி திரும்புகிறதென்றால் இந்த வாரம் ஓடாதீர்கள், நடையோடு நிறுத்துங்கள். மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டு முதல் நாளே பழைய 5 கிலோமீட்டரைப் பழைய வேகத்தில் ஓடியதுதான் காரணமாக இருக்கும்; மூச்சு தாங்கிவிடும், எலும்பு தாங்காது.

காலின் உள்பக்க எலும்பு விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரற்கடைக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்தான், அதாவது ஓட்டத்தின் அழுத்தத்தால் முன்னெலும்பை ஒட்டி வரும் வலி. நடக்கும்போது வலியில்லை என்றானதும் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஒருநாள் விட்டு ஒருநாள் மண் தரையில் ஆரம்பியுங்கள் (எனக்கு ஆறு வாரம் பிடித்தது, எரிச்சலாகத்தான் இருக்கும்).

காசளவு இடத்தில் மட்டும் சுரீர் என்றாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் கீறல் இருக்கலாம், உடனே எலும்பு டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்தில் அது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும்.