‘சும்மா ஒரு கையெழுத்துதான்’ என்கிறார் அண்ணன்

கேள்வி: எனக்கு 1986-ல் கல்யாணம் ஆனது. அப்பா 2021-ல் இறந்துவிட்டார். உயில் எதுவும் இல்லை. அம்மா, இரண்டு அண்ணன்கள், நான். அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடும் தாத்தா வழியில் வந்த 3 ஏக்கர் 20 சென்ட் நிலமும் இருக்கின்றன. “பட்டா மாத்தணும், சும்மா ஒரு கையெழுத்துதான், வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்துடு” என்கிறார் பெரியண்ணன். 89-க்கு முன்னால் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லையாம், நகையும் போட்டாகிவிட்டதாம். போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வெள்ளிக்கிழமை போகாதீர்கள். பட்டா மாற்றுவது தாலுகா ஆபீஸ் வேலை. அதற்காக உங்களை ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கூப்பிட வேண்டியதே இல்லை. அங்கே வரச் சொல்கிறார் என்றால் ஏதோ ஒரு பத்திரம் தயாராகிறது, அநேகமாக விடுதலைப் பத்திரம். ‘என் பங்கை விட்டுக்கொடுத்தேன்’ என்று நீங்களே எழுதித் தருவது அது. பதிவானபின் மனம் மாறி நீங்களாக ரத்து செய்ய முடியாது. ஏமாற்றி வாங்கினார்கள் என்று சிவில் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அதுவும் விஷயம் தெரிந்த 3 வருஷத்துக்குள்.

அண்ணன் சொல்லும் 89 கதை ஒரு காலத்தில் உண்மை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்து 1989-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களை வெளியே நிறுத்தியது. ஆனால் 2005-ல் மத்திய அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது அந்தக் கோடு அழிந்துவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றமும் 2020 ஆகஸ்ட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் தீர்ப்பாணை (டிகிரி) மூலமோ பாகம் பிரிந்திருந்தால் மட்டும் அதைத் தொட முடியாது. நகை போட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எத்தனையோ வீடுகளில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியே பெண்களை வாயடைத்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் பங்கு எவ்வளவு? அப்பாவைப் பெற்ற பாட்டி இப்போது இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். வீடு அப்பாவின் சுய சம்பாத்தியம், அதனால் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்குக் கால் பங்கு. நிலம் உண்மையிலேயே பூர்வீகம் என்றால், முதலில் அப்பாவும் நீங்கள் மூவரும் நான்காகப் பிரித்துக்கொண்டது போலக் கணக்குப் போட்டு, அப்பாவின் 80 சென்ட்டை அம்மா உட்பட நால்வருக்கும் பிரிக்க வேண்டும். உங்களுக்கு 80-ம் 20-ம் சேர்ந்து முழுசாக ஒரு ஏக்கர், அம்மாவுக்கு 20 சென்ட். தாத்தா சொந்தமாக வாங்கிய நிலமாக இருந்து, அவர் உயில் எழுதாமல் 1956 சட்டத்துக்குப் பிறகு இறந்திருந்தால், அப்பாவுக்கு வந்தது அவருடைய தனிச்சொத்து. அப்படியானால் ஆளுக்கு 80 சென்ட். ஊரில் தாத்தா சொத்தையெல்லாம் பூர்வீகம் என்றுதான் சொல்வார்கள், பழைய பத்திரத்தைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். எப்படிப் பார்த்தாலும் உங்கள் பங்கு பூஜ்யம் ஆகாது.

அதனால் வில்லங்கச் சான்று போட்டு, சொத்தில் இதுவரை என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அண்ணனிடம், “பத்திர நகலை அனுப்புண்ணா, படிச்சிட்டு வர்றேன்” என்று மட்டும் சொல்லுங்கள், சண்டை வேண்டாம். நகலில் நீங்கள் பணம் வாங்கிக்கொண்டதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், ஒரு ரூபாய்கூட வாங்காதவர்கள் பெயரிலும் அப்படி எழுதுவது உண்டு. வெற்றுப் பேப்பரிலோ பவர் பத்திரத்திலோ கையெழுத்து வேண்டவே வேண்டாம். வக்கீலுக்குச் செலவழிக்க முடியாவிட்டால், மாவட்ட கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம்.

எல்லாம் தெரிந்தபின் அண்ணன்களுக்கே விட்டுத்தர மனம் வந்தால் தாராளமாகக் கொடுங்கள், அது உங்கள் இஷ்டம். அப்புறம், அம்மாவுக்கும் பங்கு இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவரையும் கையெழுத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.